எல்லோரும் வரக்கூடிய தெரு விழா: முதல்முறை பொறுப்பேற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் தெருவில் பல வருடங்களாகப் பொங்கல் விழா நடக்கிறது. கோலப் போட்டி, இசை நாற்காலி, உறியடி, மதியம் பந்தி. தெருமுனை வீட்டில் தசைச்சிதைவு நோய் உள்ள ஒரு தம்பி இருக்கிறான், சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். ஒவ்வொரு வருடமும் அவனுக்குத் தூக்குவாளியில் பொங்கலும் வடையும் கொடுத்தனுப்புவோம். யாரையும் விட்டுவிடவில்லை என்ற நிறைவு எங்களுக்கு. ஒரு வருடம் தூக்குவாளியோடு நான் போயிருந்தேன். அவன் கேட்டான்: "அண்ணா, உறியை யாரு உடைச்சா? சத்தம் மட்டும் கேட்டுச்சு. மைக்ல பேரே சொல்ல மாட்டேங்கிறீங்க."

அவன் வீட்டுக்கும் பந்தலுக்கும் நடுவே எண்பது அடி இருந்தால் அதிகம். வீட்டு வாசலில் மூன்று படி, அப்புறம் உடைந்து கிடந்த ஒரு சாக்கடை மூடி. தடை என்றால் அவ்வளவுதான். பொங்கலை அவனிடம் கொண்டுபோக ஆள் போட்ட நாங்கள், அவனைப் பந்தலுக்குக் கூட்டிவர ஒரு நாளும் யோசித்ததில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். குடியிருப்போர் நலச்சங்கம், இளைஞர் மன்றம், நூலக வாசகர் வட்டம், கோயில் விழாக் குழு என்று எதிலாவது இந்த வருடம்தான் முதல்முறையாகப் பொறுப்புக்கு வந்திருக்கிறீர்கள் என்றால் உங்களுக்காகத்தான் இது. பெரிய செலவு எதுவும் இல்லை. ஆனால் விழாவுக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்கிவிட வேண்டும். கடைசி வாரத்தில் யோசித்தால் எதுவும் நடக்காது.

முதல் படி: வீடு வீடாகப் போய்க் கேளுங்கள்

"எங்க ஏரியாவுல அப்படி யாரும் இல்லையே" என்பதுதான் முதலில் கேட்கும் பதில். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மட்டும் 11 லட்சத்து 79 ஆயிரத்துக்கு மேற்பட்ட மாற்றுத்திறனாளிகள் இருந்தார்கள். அன்றைக்குச் சட்டம் அங்கீகரித்தது ஏழு வகைகளை மட்டுமே. 2016ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைச் சொல்கிறது. ஆட்டிசம், மனநோய், கற்றல் குறைபாடு, பார்க்கின்சன் நோய், தொழுநோயிலிருந்து குணமானவர்கள், அமிலவீச்சுக்கு ஆளானவர்கள், உயரம் குன்றியவர்கள், ஹீமோபீலியா உள்ளவர்கள் எல்லோரும் இந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். சக்கர நாற்காலியும் வெள்ளைக் கோலும் மட்டுமே நம் கண்ணில் படுவதால்தான் "இங்கே யாரும் இல்லை" என்று தோன்றுகிறது.

ஆனால் நோட்டும் பேனாவுமாக வாசலில் நின்று "உங்க வீட்டுல மாற்றுத்திறனாளி யாராவது இருக்காங்களா?" என்று கேட்காதீர்கள். கணக்கெடுப்புக்கு வந்தது போல இருக்கும். பல வீடுகளில் கதவு பாதிதான் திறக்கும். எல்லா வீட்டிலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "விழாவுக்கு உங்க வீட்டுல எல்லாரும் வரணும். யாருக்காவது ஏதாவது வசதி செய்யணும்னா சொல்லுங்க, முன்கூட்டியே பண்ணிடறோம்." இப்படிக் கேட்டால் யாரையும் தனியாகப் பிரித்துக் காட்டியதாக ஆகாது. முழங்கால் வலிக்கிற பாட்டி, நிறைமாதக் கர்ப்பிணி, காது மந்தமான தாத்தா எல்லோருடைய தேவையும் சேர்ந்தே தெரியவரும்.

எங்கள் தெருவில் இப்படிக் கேட்டபோது, பத்து வருடமாகப் பக்கத்தில் குடியிருக்கும் ஓர் அக்கா, உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாக, "சத்தம் அதிகமா இருந்தா என் பொண்ணு பயந்துடுவா. அதான் பொங்கலன்னிக்கு ஊருக்குப் போயிடறோம்" என்றார். சொந்த ஊருக்குப் போகிறார்கள் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தோம்.

சில வீடுகளில் அப்போதும் சொல்ல மாட்டார்கள். வற்புறுத்த வேண்டாம். அடுத்த முறை போகும்போது சொல்லக்கூடும். இன்னொன்று முக்கியம். ஒருவரைப் பார்த்ததும் "பிறவியிலேயே இப்படியா?" என்று கேட்பதும், "எங்க ஊருல ஒரு வைத்தியர் இருக்காரு" என்று வைத்தியம் சொல்வதும் வேண்டவே வேண்டாம். அந்த வீட்டார் அதை ஆயிரம் முறை கேட்டிருப்பார்கள். நீங்கள் வந்தது விழாவுக்கு அழைக்க. அதை மட்டும் பேசுங்கள்.

பேசும் சொல்லிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். நொண்டி, குருடு, செவிடு, ஊமை, பைத்தியம் ஆகிய சொற்களை அடைமொழியாகவோ கிண்டலாகவோ யாரும் மைக்கில் சொல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றுத்திறனாளி என்பது பொதுவாகச் சரியான சொல். பார்வை இல்லாத நண்பர்கள் சிலர் "பார்வையற்றவர்னு நேராவே சொல்லுங்க, எனக்கு அதுதான் பிடிக்கும்" என்கிறார்கள். எப்படிச் சொல்ல வேண்டும் என்று அவரவரிடம் கேட்டுவிடுவதே நல்லது. அதைவிட நல்லது பேர் சொல்லிக் கூப்பிடுவது. வயதுக்குரிய மரியாதையும் வேண்டும். அறிவுசார் குறைபாடு உள்ள முப்பத்தைந்து வயதுக்காரரை "வாடா செல்லம்" என்று கன்னத்தைக் கிள்ளுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர் உங்களுக்கு அண்ணன் வயது என்றால் அண்ணன்தான்.

இரண்டாம் படி: திட்டம் போடும் கூட்டத்துக்கே அவர்களைக் கூப்பிடுங்கள்

நாங்கள் முதல் வருடம் செய்த தவறு இங்கேதான். நாங்களே கூடி, நாங்களே யோசித்து, பந்தலில் முன்வரிசைக்கும் முன்னால் "மாற்றுத்திறனாளிகளுக்கு" என்று அட்டை எழுதி ஓர் ஓரத்தில் தனியாக நாற்காலி போட்டோம். தம்பி வந்தான். அந்த அட்டைக்குப் பக்கத்தில் தனியாக ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். அவன் கூட்டாளிகள் எல்லோரும் பின்னால் சுவரோரமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் இருக்க நினைத்தது அங்கேதான்.

அடுத்த வருடம் குழுக் கூட்டத்தையே அவன் வீட்டு வாசலில் நடத்தினோம். பத்து நிமிடத்தில் அவன் சொன்னது இவ்வளவுதான்: தனி இடம் வேண்டாம், ஒவ்வொரு வரிசையிலும் ஓரத்தில் ஒரு நாற்காலியை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விடுங்கள், யாரோடு உட்கார வேண்டும் என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். அதற்கு ஒரு பைசா செலவில்லை. நாங்கள் மட்டும் உட்கார்ந்திருந்தால் இன்னும் பத்து வருடம் யோசித்தாலும் இது தோன்றியிருக்காது.

குழுவில் குறைந்தது இரண்டு மாற்றுத்திறனாளிகள் இருக்கட்டும். ஒருவர் மட்டும் இருந்தால் எல்லோர் சார்பிலும் அவரே பேச வேண்டியிருக்கிறது. பார்வையற்றவருக்கு வேண்டியது சக்கர நாற்காலியில் இருப்பவருக்குத் தெரிய வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கூட்டத்தில் பேசும்போது கூட வந்த அம்மாவையோ அண்ணனையோ பார்த்து "தம்பிக்கு என்ன வேணும்?" என்று கேட்காமல் தம்பியையே பாருங்கள்.

மூன்றாம் படி: இடம்

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். மற்ற எல்லாம் சரியாக இருந்தும் இடம் சரியில்லாமல் கெட்டுப்போன விழாக்கள் நிறைய.

மண்டபமோ பள்ளியோ தேடுகிறீர்கள் என்றால் ஒரு குறுக்குவழி உண்டு. தேர்தலில் வாக்குச்சாவடியாக இருக்கும் பள்ளிகளில் பெரும்பாலும் சாய்தளம் கட்டியிருப்பார்கள். முதலில் அங்கே போய்ப் பாருங்கள். சாய்தளம் இல்லையென்றால் நாமே செய்துவிடலாம். ஆனால் இரண்டு பலகையை எடுத்துப் படிமேல் சாத்திவிட்டு "ரேம்ப் ரெடி" என்று சொல்லிவிடாதீர்கள். அது படியைவிட ஆபத்து.

கணக்கு எளிதானது. ஒவ்வோர் அங்குல உயரத்துக்கும் ஓர் அடி நீளம் வேண்டும். ஆறு அங்குலப் படி மூன்று இருந்தால் உயரம் பதினெட்டு அங்குலம். அப்படியானால் சாய்தளம் பதினெட்டு அடி நீளம். "இவ்வளவு நீளமா?" என்று மேஸ்திரி கேட்பார். ஆமாம், இவ்வளவு நீளம்தான். பொதுக் கட்டடங்களுக்கான வழிகாட்டு நெறிகளில் 1:12 என்று சொல்லப்படுவது இதைத்தான். இதைவிடச் செங்குத்தாக இருந்தால் தனியாக ஏற முடியாது, இறங்கும்போது நாற்காலி முன்பக்கம் கவிழும். அகலம் நான்கடி இருக்கட்டும். இரண்டு ஓரத்திலும் சக்கரம் வெளியே போய்விடாதபடி இரண்டு அங்குல விளிம்பு வேண்டும். கைப்பிடி வேண்டும். மேலே ஏறியதும் நாற்காலியைத் திருப்ப ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம் வேண்டும். வாசற்கதவு ஏறி முடிந்த உடனே இருந்தால் கதவைத் திறக்கவும் முடியாது, நிற்கவும் முடியாது.

தற்காலிகமாக வேண்டுமென்றால் வெல்டிங் பட்டறையில் இரும்புச் சட்டம் அடித்து, மேலே வழுக்காத தகடு போட்டுத் தரச் சொல்லுங்கள். செக்கர் பிளேட் என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். மூன்று துண்டாகச் செய்துகொண்டால் மடக்கி வைத்து வருடாவருடம் பயன்படுத்தலாம். எங்களுடையது இப்போது தெருவில் கல்யாண வீடு, துக்க வீடு எல்லாவற்றுக்கும் போய் வருகிறது.

செய்துவிட்டால் போதாது, பராமரிக்கவும் வேண்டும். சென்னை மெரினா கடற்கரையில் 2022 நவம்பரில் 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பாதை போட்டார்கள். சக்கர நாற்காலியில் அலை வரைக்கும் போன பலருக்கு அதுதான் வாழ்க்கையில் முதல்முறை. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அதன் ஒரு பகுதி சேதமானது. சரிசெய்யும் வரை கடல் மறுபடியும் தூரத்தில் இருந்தது. நம் சாய்தளத்தையும் விழாவுக்கு ஒரு வாரம் முன்பு வெளியே எடுத்து, ஆணி, துரு, ஆட்டம் எல்லாம் பாருங்கள். விழாவன்று அதன்மேல் பைக் நிறுத்துவார்கள், வாழைமரம் கட்டுவார்கள். அதைப் பார்த்துக்கொள்ளவே ஒருவரை நியமியுங்கள்.

அப்புறம் கழிப்பறை. இதைக் கேட்க எல்லோரும் கூச்சப்படுகிறார்கள். நான் வெளிப்படையாகவே எழுதுகிறேன். எங்கள் குழுவில் இருக்கும், போலியோவால் கால் பாதித்த ஓர் அக்கா சொன்னார், "எங்கேயாவது போகணும்னா முந்தின ராத்திரியே தண்ணி குடிக்கிறத நிறுத்திடுவேன்." விழாவில் அவருக்கு மோர் கொடுத்து உபசரித்துக்கொண்டிருந்தோம். அவர் வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமலேயே இருந்தார். கதவு மூன்றடி அகலம், உள்ளே மேற்கத்திய முறைத் தொட்டி, பக்கத்தில் சுவரில் பிடித்து எழுந்திருக்க ஒரு கம்பி, கதவு வெளிப்பக்கம் திறப்பது, வாசலில் படி இல்லாமல் இருப்பது. இவ்வளவும் இருந்தால் போதும். மண்டபத்தில் இல்லையென்றால் பந்தலுக்குப் பக்கத்திலேயே இப்படி வசதி உள்ள வீட்டைக் கண்டுபிடித்து, அந்த வீட்டாரிடம் முன்பே பேசி வையுங்கள். எங்களுக்கு ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர் வீடு கிடைத்தது. அவர் தன் தாயாருக்காகக் கட்டியது. அந்த வருடம் அக்கா மோர் குடித்தார்.

பந்தலில் இன்னும் சிலது பாருங்கள். பந்தல் கயிற்றைச் சாய்வாக இழுத்துக் கட்டினால் அது நெஞ்சு உயரத்தில் குறுக்கே வரும். வெள்ளைக் கோல் தரையைத்தான் தடவும், நெஞ்சுக்கு நேரே வரும் கயிறு அதற்குத் தெரியாது. ஜெனரேட்டர் வயரைத் தரையில் குறுக்கே விடாமல் மேலே எடுங்கள். சீரியல் விளக்கைப் படபடவென்று அணைந்து எரிகிற மாதிரி வைக்க வேண்டாம், வலிப்பு உள்ளவர்கள் சிலருக்கு அது தூண்டிவிடும். மண்டபத்திலோ கோயிலிலோ செருப்பைக் கழற்றும் வழக்கம் இருந்தால், காலிப்பர் (காலைத் தாங்கிப் பிடிக்கும் கருவி) போட்டவர்களுக்கு என்ன செய்வது என்று முன்பே முடிவெடுங்கள். அவருக்கு அந்த ஷூவும் காலிப்பரும் சேர்ந்ததுதான் கால். வாசலில் நூறு பேர் பார்க்க அதைக் கழற்றச் சொல்லக் கூடாது. ஈரத்துணியும் பழைய சாக்கும் வைத்து அடிப்பாகத்தைத் துடைத்துவிட்டு உள்ளே வரலாம் என்று எங்கள் ஊர்க் கோயிலில் பேசி ஒத்துக்கொண்டார்கள்.

நான்காம் படி: அழைப்பிதழ்

இப்போது எல்லா அழைப்பும் வாட்ஸ்அப்பில்தான். அழகாக வடிவமைத்த படம் ஒன்றைப் போட்டுவிட்டு "அனைவரும் வருக" என்கிறோம். பார்வையற்றவர் தன் போனில் டாக்பேக் போன்ற திரைவாசிப்பான் வைத்துத்தான் கேட்கிறார். அது திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படித்துச் சொல்லும். நம் அழைப்பிதழ் வந்தால் பல நேரம் "படம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். அதனால் படத்துக்குக் கீழே அதே செய்தியை எழுத்தாகவும் தட்டச்சு செய்து அனுப்புங்கள். யூனிகோட் தமிழில் இருக்க வேண்டும். அச்சகத்தில் பழைய எழுத்துருவில் அடித்துப் பிடிஎஃப் ஆக்கித் தந்தால் திரைவாசிப்பானுக்கு அது புரியாத குறியீட்டுக் குவியல்தான்.

எழுத்தில் இதெல்லாம் இருக்கட்டும்: எந்த நேரத்தில் என்ன நிகழ்ச்சி, பந்தலுக்கு எந்தப் பக்கம் நுழைவது, சாய்தளம் எங்கே, கழிப்பறை எந்த வீட்டில், எந்த நேரத்தில் மேளமும் வெடியும், எதற்கும் யாரைக் கூப்பிடுவது. "சாய்தளம் உண்டு, சைகை மொழிபெயர்ப்பாளர் வருகிறார்" என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் சிலர் கிளம்புவார்கள். இல்லாததை எழுதிவிட வேண்டாம்.

வருவதற்கு வண்டியும் பேசுங்கள். நகரப் பேருந்துகளில் சாதாரணக் கட்டண வண்டியில் மாற்றுத்திறனாளிகளுக்கும் கூட வரும் துணையாளருக்கும் பயணம் இலவசம். ஆனால் படி உயரமான வண்டியில் இலவசமாக இருந்தும் ஏற முடியாதவர்கள் உண்டு. தெருவில் ஆட்டோ ஓட்டும் அண்ணன்களிடம் சொல்லி வைத்தால் ஒரு நாள் ஓட்டித் தர யாரும் மறுப்பதில்லை.

ஐந்தாம் படி: விழாவன்று

தன்னார்வலர்களுக்கு முந்தைய நாள் அரை மணி நேரம் சொல்லிக்கொடுங்கள். உங்கள் குழுவில் உள்ள மாற்றுத்திறனாளிகளே சொல்லிக்கொடுத்தால் இன்னும் நல்லது. எங்களுக்கு அவர்கள் சொன்னதில் சில.

பார்வையற்றவரைக் கையைப் பிடித்து இழுத்துப் போகாதீர்கள். கோலைப் பிடித்து இழுப்பது அதைவிட மோசம். "நான் இன்னார், கூட வரட்டுமா?" என்று கேளுங்கள். சரி என்றால் உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்வார். நீங்கள் அரை அடி முன்னால் நடங்கள். படி வந்தால் ஏறுபடியா இறங்குபடியா என்று சொல்லுங்கள். உட்காரும் இடம் வந்ததும் அவர் கையை நாற்காலியின் முதுகில் வைத்துவிட்டால் போதும், மற்றதை அவரே பார்த்துக்கொள்வார். கிளம்பும்போது "நான் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் போனால் அவர் வெறும் காற்றோடு பேசிக்கொண்டிருப்பார்.

சக்கர நாற்காலி அவர் உடம்பின் ஒரு பகுதி மாதிரி. கேட்காமல் தள்ளக் கூடாது, பையை அதில் மாட்டக் கூடாது. தூக்க வேண்டி வந்தால் எங்கே பிடிப்பது என்று அவரையே கேளுங்கள். கைவைக்கும் பகுதி பல நாற்காலிகளில் கழன்று வரும், அதைப் பிடித்துத் தூக்கினால் கையோடு வந்துவிடும். சரிவில் இறங்கும்போது நாற்காலியைத் திருப்பி, பின்பக்கமாக இறக்குங்கள். நீண்ட நேரம் பேசுவதாக இருந்தால் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்காருங்கள். அண்ணாந்து பார்த்தே அவருக்குக் கழுத்து வலிக்கும்.

காது கேளாதவர்களில் எல்லோருக்கும் சைகை மொழி தெரியும் என்று நினைக்க வேண்டாம். பள்ளிக்கே போகாத பெரியவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். சிலர் உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். அப்போது முகத்தில் வெளிச்சம் படும்படி நின்று இயல்பாகப் பேசுங்கள், கத்தினால் உதடு கோணி இன்னும் புரியாமல் போகும். சைகை மொழிபெயர்ப்பாளருக்கு அருகிலுள்ள காது கேளாதோர் பள்ளியிலோ மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலோ விசாரிக்கலாம். அவரை மேடையில் பேச்சாளருக்குப் பக்கத்தில், விளக்கு படும் இடத்தில் நிறுத்துங்கள். எங்கள் தெருவில் முதல்முறை அவரைப் பூ அலங்காரத்துக்குப் பின்னால் நிறுத்திவிட்டோம், கை தெரியவே இல்லை. கைதட்டலுக்குப் பதில் இரண்டு கையையும் உயர்த்தி விரல்களை அசைப்பதுதான் அவர்கள் வழக்கம். மைக்கில் ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் குழந்தைகள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

ஊருக்குப் போய்விடுவதாகச் சொன்ன அக்காவின் மகளுக்கு ஆட்டிசம். அவளுக்காக இரண்டு வேலை செய்தோம். மேளமும் வெடியும் காலை பத்து முதல் பத்தரை வரை மட்டும் என்று நேரம் குறித்து, அதை மாற்றுவதில்லை என்று சொன்னோம். பந்தலிலிருந்து நான்கு வீடு தள்ளி ஒரு வீட்டில் மின்விசிறி, பாய், தண்ணீர் வைத்து அமைதியான அறை ஏற்பாடு செய்தோம். அவள் விழாவுக்கு வந்தாள், பாதியில் அந்த அறைக்குப் போனாள், மறுபடி வந்தாள். நடுவில் எழுந்து நடந்தாள். யாரும் அம்மாவைப் பார்த்து "பிள்ளையை அடக்கி உட்கார வைங்க" என்று சொல்லாதபடி பார்த்துக்கொள்வதுதான் தன்னார்வலருக்கு முக்கியமான வேலை. அந்த அம்மாக்கள் இந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்துதான் பாதி விசேஷங்களுக்குப் போவதே இல்லை.

பந்தியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பார்வையற்றவருக்கு பஃபே பெரிய சோதனை. நம் வாழை இலைதான் வசதி. எங்கே என்ன இருக்கும் என்று இலைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. உப்பும் ஊறுகாயும் இடப்பக்க மேல் மூலையில், அதை ஒட்டி வரிசையாகக் கூட்டு, பொரியல், கீழே நடுவில் சோறு. அவர் விரல் அந்த ஒழுங்கை அறியும். பரிமாறுகிறவர் "சாம்பார் ஊத்தறேன்" என்று வாயால் சொல்லிவிட்டு ஊற்றினால் போதும். சூடான ரசத்தைச் சொல்லாமல் ஊற்றிவிடாதீர்கள். சக்கர நாற்காலிக்காரர்களுக்கு மேசைக்குக் கீழே முழங்கால் போகும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். தரையில் பந்தி போட்டால் ஒரு பக்கமாவது மேசைப் பந்தி இருக்கட்டும், அதில் மற்றவர்களும் கலந்து உட்காரட்டும்.

விளையாட்டுகளைக் கொஞ்சம் மாற்றுங்கள். இசை நாற்காலியில் ஓட முடியாதவரும் பாட்டுக் கேட்காதவரும் வெளியே நிற்பார்கள். அதற்குப் பதில் வட்டமாக உட்கார்ந்து பந்தைக் கைமாற்றலாம், பாட்டு நிற்கும்போது ஒருவர் கொடியையும் இறக்கலாம். கோலப் போட்டியில் ஒரு பிளைவுட் பலகையை மேசைமேல் வைத்துக் கொடுத்தால் குனிய முடியாதவர்களும் போடுவார்கள். பல்லாங்குழி தொட்டுப் பார்த்தே ஆடலாம். எங்கள் தெருவில் பார்வையற்ற ஓர் அத்தையைச் சோழியில் இதுவரை யாரும் ஜெயித்ததில்லை. உறியடியில் எல்லோருக்கும் கண்ணைக் கட்டிவிடுகிறோம். அங்கே அத்தைக்கு நம்மைவிட அனுபவம் அதிகம்.

ஆறாம் படி: பொன்னாடை வேண்டாம், பொறுப்பு கொடுங்கள்

மாற்றுத்திறனாளி வந்துவிட்டார் என்றதும் மேடைக்கு ஏற்றி, பொன்னாடை போர்த்தி, "தன்னம்பிக்கையின் சிகரம்" என்று நாலு வார்த்தை சொல்லி, அரிசிப் பையோடு போட்டோ எடுத்து அனுப்பிவிடுவது நம் ஊரில் பழகிப்போன ஒன்று. செய்கிறவர்களின் மனம் நல்ல மனம்தான். ஆனால் பக்கத்து வீட்டுப் பையனுக்கு நாம் பொன்னாடை போர்த்துவதில்லை, "டேய், அந்த நாற்காலியை எடுத்துப் போடு" என்கிறோம். அந்த உரிமை எப்போது இவர்கள் மேலும் வருகிறதோ அப்போதுதான் இவர்களும் தெருவுக்குள் வந்திருக்கிறார்கள் என்று நான் நினைக்கிறேன்.

உண்மையான வேலையாக இருக்கட்டும், ஒப்புக்கு வேண்டாம். காது கேளாத தையற்கார அண்ணன்தான் இப்போது பந்தல் அலங்காரத்துக்குப் பொறுப்பு. துணி வாங்குவது முதல் மடிப்பு வரை அவர் சொல்வதுதான் முடிவு. டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு தம்பி பந்தி டோக்கன் கொடுக்கிறார். முதல் வருடம் வரிசை மெதுவாகத்தான் நகர்ந்தது, சிலர் முணுமுணுத்தார்கள். பக்கத்தில் ஒருவரை நிறுத்தி, ஒவ்வொரு வேலையாகப் பிரித்துக் காட்டினோம்: ஆளைப் பார், விரலில் எண்ணு, டோக்கனைக் கிழி, கொடு. மூன்றாம் வருடம் யார் எத்தனை டோக்கன் வாங்கினார் என்று அவரிடம்தான் கேட்கிறோம். தவறு செய்தால் மற்றவர்களிடம் சொல்வது போலவே சொல்லுங்கள். ஒன்றும் சொல்லாமல் மறைத்து நீங்களே சரிசெய்வதும் ஒருவிதத்தில் ஒதுக்குவதுதான்.

உறியடிக்கு யார் வருகிறார், எத்தனை அடி தள்ளி நிற்கிறார், கோல் எங்கே போகிறது என்று மைக்கில் சொல்வது தெருமுனைத் தம்பியின் வேலை ஆனது. அவனே கேட்டு வாங்கியது. ஒருவர் பேரையும் விடமாட்டான்.

ஏழாம் படி: விழா முடிந்த பிறகு

ஒரு வாரத்துக்குள் வந்தவர்களிடமும் வராதவர்களிடமும் பேசுங்கள். வராதவர்கள் சொல்வதில்தான் அடுத்த வருடத்துக்கான வேலை இருக்கும்.

விழா ஒரு நாள்தான். ரேஷன் கடைப் படியும் நூலகப் படியும் வருடம் முழுக்க இருக்கின்றன. கிராமமாக இருந்தால் கிராம சபை உங்களுக்கு நல்ல இடம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள் கூடுகிறது. "ரேஷன் கடைக்குச் சாய்தளமும் கைப்பிடியும் அமைக்க வேண்டும்" என்று குறிப்பாக எழுதிக்கொண்டு போய்த் தீர்மானத்தில் ஏற்றுங்கள். உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக அமர்த்த 2025ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்திருக்கிறது. உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால் அவரைப் போய்ப் பாருங்கள், விழாக் குழுவுக்கும் அழையுங்கள்.

யாரிடமாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை இல்லை என்று தெரியவந்தால் கூட இருந்து விண்ணப்பிக்க உதவுங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலோ இ-சேவை மையத்திலோ விசாரித்தால் வழி சொல்வார்கள். பல சலுகைகளுக்கு 40 சதவீதக் குறைபாடு என்ற அளவு உண்டு, அதை மருத்துவர்தான் சான்றளிக்க வேண்டும். மருத்துவமனைக்கும் அலுவலகத்துக்கும் இரண்டு மூன்று முறை அலைய வேண்டியிருக்கும். கூட ஒருவர் போனாலே பாதி வேலை முடிந்த மாதிரி. படிக்க விரும்புகிறவர்களுக்கு, சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெய்ல் பிரிவு இருக்கிறது. எங்கள் அத்தையை ஒருமுறை அங்கே கூட்டிப்போனோம், மூடும் நேரம் வரை நகரவில்லை.

போன பொங்கலுக்குத் தெருமுனைத் தம்பிக்குக் காய்ச்சல். காலையில் அவன் அம்மா வந்து, இன்றைக்கு அவன் வரமாட்டான் என்று சொல்லிவிட்டுப் போனார். உறியடிக்குக் கயிறு கட்டி, பானையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, ஆளையும் கண்ணைக் கட்டி நிறுத்திவிட்டோம். மைக்கை யார் பிடிப்பது என்று தெரியவில்லை. ஒருவர் வாங்கி நாலு வார்த்தை பேசினார், பிள்ளைகள் கத்தினார்கள், மைக்கைக் கீழே வைத்துவிட்டார். கடைசியில் நாலு பையன்கள் போனைப் போட்டு அவனிடம் பேசி, போன் ஸ்பீக்கருக்கு நேரே மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவன் அங்கே நடப்பதை அவனுக்குச் சொல்ல, அவன் படுக்கையிலிருந்தே தெரு முழுக்கச் சொன்னான். பானை உடைந்ததும் அந்த அடைத்த குரலில் முதலில் வந்தது உடைத்தவர் பேர்.